நான்கு மீட்டர் ஆழம்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ரயிலில் பிடித்துக்கொண்ட கழுத்து மட்டும் இன்னும் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பொடிசின் இருமல் நின்றதா?

எங்களுக்குக் கொடுத்த அறையில் எட்டுக் கட்டில், ஒரே ஜன்னல். குறுக்கே கட்டிய கயிற்றில் ஈர ரப்பர் உடைகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் எட்டுப் பேர் தலையில்லாமல் தொங்குவதுபோல் இருந்தது. முக்குளிக்கும் வகுப்பில் பதினோரு பேர். ஒன்பது பேர் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள். பிழைப்புக்கென்று வந்தது நானும் ஒரு ஓட்டல் சமையல்காரரும்தான். சொல்லிக்கொடுப்பவர் ஒரு அம்மா. என் தோள் உயரம்தான் இருப்பார், குரல் மட்டும் தொழிற்சாலைச் சங்கு.

நேற்று நீச்சல் குளத்தில் முதல் தடவையாகத் தண்ணீருக்கடியில் மூச்சு விட்டேன். முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் அதிலிருந்து வரும் குழாய், முகத்தில் மாஸ்க், காலில் வாத்துப் பாதம் மாதிரி ரப்பர். எந்தக் காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. மேலே வரும்போது அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடுமாம். நானோ புகை ஏறாமலிருக்க மூச்சைப் பிடித்துப் பிடித்தே தொழிற்சாலையை மூடும்வரை பதினாறு வருஷம் வெல்டிங் பண்ணியவன். ஒவ்வொரு தடவை தலை தூக்கும்போதும், "வெல்டர் சார், மூச்சு விடுங்க! யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க!" என்று அந்த அம்மா கத்துகிறார்.

இன்னொரு கூத்து. அடியில் உட்கார்ந்திருந்தபோது 'எப்படி இருக்கு?' என்று சைகையில் கேட்டார். பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உடனே தோளைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார். கட்டைவிரல் தூக்கினால் 'மேலே போகணும்' என்று அர்த்தமாம். 'எல்லாம் சரி' என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். பொடிசிடம் சொல், சிரிப்பாள்.

இது முடிந்ததும் கடலில் நான்கு தடவை இறங்கிக் காட்ட வேண்டும். அதில் தேறினால் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்யப் பழக்கி, வேலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். நாற்பத்தொரு வயதில் எடுப்பார்களா என்று கேட்டேன். "பழகின கை. வயசை யார் பாக்கறா?" என்றார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குளத்தில் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் வெல்டர்

மார்ச் 15

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கழுத்து நேரானதா? பொடிசுக்கு இருமல் போய், அதைவிட மோசமாகப் பேச்சு வந்திருக்கிறது. "எங்கப்பா கடலுக்கு அடியில கப்பல் ரிப்பேர் பண்றாரு" என்று வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "இன்னும் குளத்துலதான்டி இருக்காரு" என்றேன். "குளம் முடிஞ்சா கடல்தானே?" என்கிறாள். ஒன்பது வயதில் இந்த வாய் யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னை இஸ்திரி உருளைக்கு மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஈரப் போர்வையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வருகிறது. மத்தியானத்துக்குள் முகம் வெந்துபோகிறது. நீங்கள் தண்ணீரில், நான் ஆவியில். நல்ல குடும்பம்.

போன் பண்ண வேண்டாம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அவர்கள் எல்லோரும் பார்க்க 'ம், ம்' என்பதற்குக் கடிதமே மேல். இரண்டு தடவை படிக்கலாம்.

ஒரு விஷயம். அந்த இடது காது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வெல்டிங் பொறி உள்ளே விழுந்து மூன்று மாதம் சீழ் வடிந்ததே, அதை அங்கே டாக்டரிடம் சொன்னீர்களா? குளிக்கும்போதே பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள் நீங்கள். மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லும் அதே வாயாடி

ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ வெந்துபோகாமல் இருக்கிறாயா? உருளைப் பக்கம் கையை ஜாக்கிரதையாக வை.

குளத்துப் பாடங்கள் முடிந்தன. இருப்பதிலேயே கஷ்டம் மாஸ்க் பாடம்தான். தண்ணீருக்கடியில் வேண்டுமென்றே மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டு, நெற்றிப் பக்கம் அழுத்தி, அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். முதல் ஐந்து தடவையும் பதறியடித்துக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டேன். சமையல்காரர்தான் எனக்கு ஜோடி. கீழே போனால் ஒருவரை ஒருவர் விட்டுப் போகக் கூடாது என்பது இங்கே சட்டம். அவர் என் கையைப் பிடித்து, எதிரே உட்கார்ந்து, தானும் மாஸ்க்கில் தண்ணீரை விட்டுக்கொண்டார். இரண்டு பேரும் குருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆறாவது தடவை வந்துவிட்டது.

காதுக்கும் ஒரு வித்தை இருக்கிறது. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் காதை அழுத்தும். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் ஒரு அடிகூட இறங்கக் கூடாது.

நீ கேட்டது: டாக்டருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் காதைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கவலைப்படாதே.

திங்கட்கிழமை கடல்.

உன் வெல்டர்

ஏப்ரல் 21

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் சுகம். நீங்கள்?

திங்கட்கிழமை கடல் என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. கடல் எப்படி இருந்தது? உப்பா, குளிரா, பயமா? ஒரு வரியாவது எழுதக் கூடாதா? தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குகிறார்.

பொடிசு ஒரு படம் வரைந்து தந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். கப்பலுக்கு அடியில் நிற்பது நீங்கள். தண்ணீருக்குள் தீப்பொறி பறக்குமா என்று கேட்டாள். "அப்பாதான் சொல்லணும்" என்றேன்.

எழுதுங்கள்.

வாயாடி

மே 19

அன்புள்ள வாயாடிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வேலை அதிகம்.

கடல் நன்றாக இருந்தது. பயிற்சி முடிந்தது. அறை மாறிவிட்டேன், புது விலாசம் மேலே இருக்கிறது. வேலையும் கிடைத்துவிட்டது. இப்போதைக்கு வெல்டிங் இல்லை, சுத்தம் செய்கிற வேலை. பிரஷ்ஷால் பாசி தேய்க்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக, பளிங்கு மாதிரி இருக்கிறது. மீன்கள் பயமில்லாமல் கைக்கே வருகின்றன. தட்டு மாதிரி ஒரு பெரிய திருக்கை பதினோரு மணிக்கும் நான்கு மணிக்கும் தவறாமல் தலைக்கு மேலே போகும். துடுப்பு கிழிந்த சுறா ஒன்று இருக்கிறது. சாது. பொடிசிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

அவள் படம் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். தண்ணீருக்குள்ளும் பொறி பறக்கும் என்று சொல். பச்சையாக இருக்குமாம். 

உன் வெல்டர்

ஜூன் 2

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. அன்று உருளையில் நான்கு போர்வையைக் கோணலாக விட்டுத் திட்டு வாங்கினேன், சந்தோஷத்தில்.

ஆனால் உங்கள் மகள் வக்கீலாக வேண்டியவள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அந்தச் சுறா தினமும் அங்கேயேதான் இருக்குமா? திருக்கைக்கு மணி பார்க்கத் தெரியுமா? எந்தக் கப்பல், பேர் என்ன? "கடல் அவ்வளவு சின்னதாம்மா?" என்று கேட்டாள். நான் சலவைக்கூடத்தில் இருப்பவள், எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?

நல்ல செய்தி. ஜூலை 12, பள்ளியிலிருந்து உங்கள் ஊருக்குச் சுற்றுலா வருகிறார்கள். அங்கே ஒரு ஷாப்பிங் மாலுக்குள் பெரிய கண்ணாடித் தொட்டி கட்டி, மீன்களை விட்டிருக்கிறார்களாமே, அதைப் பார்க்க. பதினோரு மணிக்கு அங்கே இருப்பார்கள். டீச்சரிடம் பேசிவிட்டேன். அப்பா வந்து பார்த்தால் பத்து நிமிஷம் பேச விடுகிறேன் என்றார்கள். வந்து அவள் முன்னால் நில்லுங்கள். எந்த உடையில் வந்தாலும் சரி, வந்து நில்லுங்கள். அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காது எப்படி இருக்கிறது?

வாயாடி

ஜூன் 25

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். காதும் நலம்.

ஜூலை 12 எனக்கு முடியாது போலிருக்கிறது. அந்த வாரம் கப்பலோடு வெளியே போக வேண்டியிருக்கும். திரும்பப் பத்து நாளாகலாம். பொடிசிடம் பக்குவமாகச் சொல். அந்தத் தொட்டி நன்றாக இருக்கும் என்று கேள்வி. மீன்களைப் பார்த்துவிட்டு வரட்டும். ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பு, அந்த மாதிரி இடங்களில் ஏசி அதிகம்.

உன் வெல்டர்

ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? அம்மாவும் நலம். நானே தபால்தலை ஒட்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

நாங்கள் கண்ணாடித் தொட்டி பார்த்தோம். எங்கள் வகுப்பறையைவிட உயரம். உள்ளே ஒருவர் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவர் ஒரு வாளியிலிருந்து மீன்களுக்குச் சாப்பாடு கொடுத்தார். தட்டு மாதிரி திருக்கை அவர் தலைக்கு மேலே வந்தது. சுறா வந்தது. அதன் துடுப்பு கிழிந்திருந்தது.

எல்லோரும் கண்ணாடியைத் தட்டினார்கள். அவர் பக்கத்தில் வந்தார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் மட்டும் வட்டம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். அவரும் வட்டம் காட்டினார். அப்புறம் அவர் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணாந்து ஊதினார். மறுபடி வந்தது. மறுபடி ஊதினார். அப்புறம் பாறைக்குப் பின்னால் போய்விட்டார். நாங்கள் கிளம்பும் வரை வரவில்லை. அவர் காலில் இருந்த ரப்பர் மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் இருந்த பெண், "உங்கப்பா இதே ஊர்தானே, ஏன் வரல?" என்று கேட்டாள். "எங்கப்பா கப்பல்ல இருக்காரு" என்று சொன்னேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை அப்பா. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
பொடிசு

ஆகஸ்ட் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம் கேட்டு எழுத எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறீர்களா?

இதோடு பொடிசு எனக்கு எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். அவளைத் திட்டாதே. எனக்காக அவள் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படிவத்தில் 'காதில் எப்போதாவது காயம், சீழ்?' என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். 'ஆம்' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே ரயில் ஏற்றியிருப்பார்கள்.

கடலில் முதல் நாள் ஐந்து மீட்டர். சமாளித்தேன். இரண்டாம் நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஆறு மீட்டரில் இடது காது திறக்கவில்லை. ஊசி குத்தியது. காது சரியில்லை என்றால் கையை ஆட்டிக் காதைச் சுட்டிக்காட்ட வேண்டும், மேலே கூட்டிப்போவார்கள். பயிற்சியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வட்டம் காட்டினேன். ஏழு மீட்டரில் மறுபடி கேட்டார். மறுபடி வட்டம். ஒன்பது மீட்டரில் காதுக்குள் எதுவோ கிழிந்தது. ஜில்லென்று தண்ணீர் தலைக்குள்ளேயே போனது மாதிரி இருந்தது. அப்புறம் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. கடல் ராட்டினமாகச் சுற்றியது. வாயிலிருந்த குழாயைத் துப்பப் போனேனாம். சமையல்காரர் அதை என் வாயோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே மேலே கொண்டுவந்தார்.

படகில் பயிற்சியம்மா கத்தவில்லை. "ஏன் சார் சரின்னு காட்டினீங்க? நான் கேட்டது உங்க உயிருக்காகத்தானே?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் இனிமேல் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வரத்தான் ஸ்டேஷன் வரை போனேன். பொடிசு வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். அந்த மாலில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து போனேன். தொட்டி நான்கு மீட்டர்தான் ஆழம். காதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மெழுகு வைத்து அடைத்துக்கொண்டு இறங்குகிறேன். காது கொஞ்சம் மந்தம், வேறொன்றும் இல்லை.

பொய் சொன்னதற்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுது.

உன் வெல்டர்

செப்டம்பர் 20

என் வீட்டுக்காரருக்கு,

உடம்பில் எங்களுக்கு ஒன்றுமில்லை. ஆறு வாரம் பதில் போடாததற்குக் காரணம் கோபம். பாதி உங்கள்மேல். மீதி என்மேல்.

எனக்குத் தெரியும். மே மாதக் கடிதத்திலேயே தெரியும். எந்தக் கடலில் திருக்கை மணி பார்த்து வரும்? வெதுவெதுப்பான பளிங்குத் தண்ணீரில் எந்தக் கப்பல் நிற்கும்? சலவைக்கூடத்தில் ஒரு நர்ஸிடம் விசாரித்தேன். உங்கள் ஊரில் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது என்றாள். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தக் கடிதங்களும் நின்றுவிடும் என்று பயந்தேன். பொடிசு வருகிறாள் என்றால் நீங்களே வெளியே வந்து நிற்பீர்கள், எல்லாம் பேசி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். "எந்த உடையில் வந்தாலும் சரி" என்று எழுதினேனே, புரியவில்லையா உங்களுக்கு? குழந்தையை அனுப்பி உங்களைப் பிடிக்கப் பார்த்தது என் தப்பு. பாறைக்குப் பின்னால் ஒளிந்தது உங்கள் தப்பு. நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் பள்ளியிலிருந்து வந்தால் வாயே திறப்பதில்லை. வாயாடி என்று இந்த வீட்டில் இனி யாரையும் கூப்பிட முடியாது.

போனது போகட்டும். ஒரு நல்ல சேதி. உங்கள் பழைய தொழிற்சாலை இடத்தில் கிடங்கு கட்டுகிறார்கள். இரும்புச் சட்டம் ஏற்ற வெல்டர்கள் வேண்டுமாம். மேஸ்திரியை நேரில் பார்த்தேன். "அவரா? அவர் போடற வெல்டிங் தையல் எனக்குத் தெரியும்மா, ஒரு துளி பிசிறு இருக்காது. நவம்பர் ஒண்ணாம் தேதி வரச் சொல்லுங்க" என்றார். உங்கள் பெயரை எழுதிக்கொண்டார். பொடிசிடமும் சொல்லிவிட்டேன். நேற்று ஒரு வார்த்தை பேசினாள். "எந்த ரயில்?" என்று கேட்டாள்.

கிளம்பி வாருங்கள். மெழுகெல்லாம் வேண்டாம்.

உங்கள் மனைவி

அக்டோபர் 6

அன்புள்ள உனக்கு,

நீயும் பொடிசும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு தடவை இல்லை, பத்துத் தடவை படித்தேன்.

மேஸ்திரியிடம் என் பெயரை எடுத்துவிடச் சொல்.

ஆகஸ்ட் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்திருப்பாய். ஒன்றை எழுதவில்லை. காது மந்தம் மட்டும் இல்லை. ஒன்பது மீட்டரில் சுற்ற ஆரம்பித்த தலை இன்னும் முழுசாக நிற்கவில்லை. தரையில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தால் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்குள் எல்லோரும் ஆடித்தான் நிற்பார்கள், அதனால் அங்கேயும் தெரியவில்லை. போன மாதம் தொட்டி ஏணியில் ஏறும்போது மூன்றாவது படியிலேயே பூமி சாய்ந்தது. விழுந்தேன். தலையில் நான்கு தையல், வேறு அடி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உள்காது போய்விட்டது என்றார் டாக்டர். இடது பக்கம் இனி கேட்காது. ஏணி, சாரம், உயரம் எதுவும் ஆகாது. "சரியாகுமா சார்?" என்றேன். "பழகிக்கும்" என்றார். அவர் சரியாகும் என்று சொல்லவில்லை என்பது வாசல் வரை வந்த பிறகுதான் உறைத்தது.

கிடங்கின் கூரைச் சட்டம் எத்தனை அடி உயரத்தில் வரும் என்று உனக்கே தெரியும். என் கை இன்னும் அதே கைதான். அதை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தத்தான் ஆளில்லை.

தொட்டியில் இப்போது வேறொருவர் இறங்குகிறார். எனக்கு மாதக் கடைசி வரை வெளிப்பக்கக் கண்ணாடி துடைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் கைவைத்த தடம் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக இருக்கும். சாயங்காலம் வரை துடைக்கிறேன், காலையில் மறுபடி இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். வந்து என்ன செய்வேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. நீ வேலைக்குப் போ. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். அப்படியும் பொடிசு வருவேன் என்று அடம் பிடித்தால், என் வலது பக்கமாக வந்து கூப்பிடச் சொல். இடது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, அப்பா இந்தத் தடவையும் தெரிந்தேதான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்துவிடப் போகிறாள்.

உன்
வெல்டர்